நாற்பத்தோராம் பக்கத்து நாற்காலி

ஓவியர் இறந்த மறுவாரம், அவரைப் பற்றிய புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் மறுபடி வேலையைத் தொடங்கினார். முதலில் வந்தது ஒரு செருப்பு. அதுவரை அந்தப் பக்கத்துப் படத்தில் ஒரு சன்னல், ஒரு மேசை, ஆளில்லாத ஒரு நாற்காலி, அவ்வளவுதான். இப்போது நாற்காலிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பெண்ணின் செருப்பு கிடந்தது. ஒரு பிரதியில் அல்ல, விற்றது விற்காதது என்று எல்லாப் பிரதிகளிலும். பதிப்பாளர் அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மை கசியும், நிறம் மங்கும், செருப்பு முளைக்காது என்று அவர் பதில் சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தானே.

புத்தகத்தை எழுதியவள் ஓவியரின் தங்கை. இன்றைய ஓவியர்களும் சிற்பிகளும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று எழுதுவதே அவள் தொழில். யார் எந்தத் துணியில் தூரிகையைத் துடைக்கிறார், யாருக்குத் தேநீர் ஆறிப்போனால்தான் கை ஓடும் என்பதுவரை எழுதுவாள். ஊரிலுள்ள கலைஞர்களையெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில்தான் சொந்த அண்ணனிடம் வந்தாள். அண்ணனுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், துடைப்பத்தை எடுத்து ஸ்டுடியோவைப் பெருக்குவார். படம் முடிந்தது என்றும் வாயால் சொல்லமாட்டார், கையெழுத்தும் போடமாட்டார். முடிந்த படத்தைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இதையெல்லாம் முதல் அத்தியாயத்தில் அழகாக எழுதிய அதே மகராசி, அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்று, அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, திருப்பாமல் நின்ற படத்தைப் புகைப்படக்காரரை விட்டு எடுக்கவைத்தாள். எழுதத் தெரிந்த அளவுக்குப் புத்தியும் இருந்திருக்கலாம்.

புத்தகம் வந்ததும் அண்ணன் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். "அந்த நாற்காலியில உன்னைத்தான் உட்கார வைக்கறதா இருந்தேன். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். அதன்பின் அவளிடம் பேசவில்லை, அந்தப் படத்தையும் தொடவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கப் போனபோதெல்லாம் தரையைப் பெருக்கினார். மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் செத்ததைக்கூட அவள் ஒருவாறு தாங்கிக்கொண்டாள், கோபத்தோடு போனதைத்தான் தாங்கமுடியவில்லை. ஸ்டுடியோவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

உள்ளே, கான்வாஸில் நாற்காலி காலியாகவே இருந்தது. வேலையெல்லாம் புத்தகத்தில்தான் நடந்தது, அதுவும் அவருடைய வழக்கமான நிதானத்தில். மறு ஆண்டு முழங்கால் வந்தது. அதற்கடுத்த கோடையில், ஒரு காலை மடித்துப்போட்டு உட்காரும் அவளுடைய கெட்ட பழக்கம் அப்படியே வந்தது. செருப்பைப் பார்த்து அச்சுப்பிழை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு மறுபடி வந்து வாங்கினார்கள். இதை ஓவியரின் பிற்காலப் படைப்பு என்று சொல்லலாமா கூடாதா என்று விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டு, ஓய்ந்தும் போனார்கள். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டாம் பதிப்பு போடலாமா என்று பதிப்பாளர் ஆண்டுதோறும் கேட்டார். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை என்று அவளும் ஆண்டுதோறும் சொன்னாள். ஒரு தடவை பட்டது போதாதா?

முகத்தில்தான் இழுத்தடித்தது. சின்ன வயதிலிருந்தே அவள் மூக்கு அவருக்குப் பிடிபடாது. ஒரு மூக்கு வைப்பார், ஒரு வாரத்தில் சுரண்டிவிடுவார். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரியும். அவளுக்குத் தலை நரைத்தது, படத்திலும் நரைத்தது. ஒருநாள் காலையில் தேநீரோடு பக்கத்தைத் திறந்தவள் பொறுமை இழந்து, "அழகு பண்ணாத அண்ணா. சப்பை மூக்குதான்" என்றாள். மறுநாள் மூக்கு சப்பையாக, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் வாய் வந்தது, எதையோ சொல்லத் தொடங்கியதுபோல் லேசாகத் திறந்து. அவள் பேசட்டும் என்று அவர் விட்டுவிட்டார்போலும்.

மூன்றாம் நாள் பக்கத்தில் அவளும் இல்லை, சன்னலும் இல்லை. கான்வாஸின் முதுகு இருந்தது, மரச்சட்டம், வரிசையாக ஆணிகள், ஓரத்தில் மடித்த துணி. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தரையில் இத்தனை வருஷத்துத் தூசி அப்படியே கிடந்தது, துடைப்பம் மூலையில் சாய்ந்திருந்தது. அவள் அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அழுது முடித்ததும் பதிப்பாளருக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் திருப்பி வெச்சுட்டாரு. இனிமே அச்சுக்குப் போகலாம்."

நாற்பத்தோராம் பக்கத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்டார். இருப்பதைப் போடச் சொன்னாள். இரண்டாம் பதிப்பு ஆணியும் சட்டமுமாக வந்தது. ஒரு பிரதிகூடத் திரும்பி வரவில்லை.