நாற்பத்துமூன்று வீடுகளின் நிழல்

தீவில் இருந்த நாற்பத்துமூன்று வீடுகளையும் உடையப்பன் பதினொரு நாளில் இடித்து முடித்தான். நிழல்கள் மட்டும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் வெயில் ஏறியபோது, சமப்படுத்திய வெறுந்தரையில் சுவர்களின் நிழலும் கூரைகளின் நிழலும் அதனதன் இடத்தில் விழுந்து கிடந்தன. ஜன்னல் இருந்த இடங்களில் சதுரமாக வெளிச்சம் இருந்தது. ஒரு வீட்டின் பின்பக்கம், கொடியில் காயும் துணிகளின் நிழல் காற்றுக்கு அசைந்தது.

போர் தொடங்கிய மூன்றாம் வாரம் பிடிபட்ட தீவு அது. யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்பது, ஷார்ஜா தொழில்பேட்டை கேம்ப்பிலிருந்து கப்பலேறிய நூற்றுப்பத்துப் பேரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. புது சைட், ஓடுபாதை போடும் வேலை என்றுதான் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கமுதிப் பக்கத்துக்காரனான உடையப்பன் ஒன்பது வருடமாக புல்டோசர் ஓட்டுகிறவன். அதுவரை மணல்மேடுகளையும் பழைய குடோன்களையும் தள்ளியிருக்கிறானே தவிர, பிள்ளைகள் கிறுக்கிய சுவரைத் தள்ளியதில்லை. குடியிருந்தவர்களை ராணுவம் முன்பே படகில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தது. கடைசி வீட்டின் அடுப்பில் தேநீர்ப் பாத்திரம் இருப்பதைப் பார்த்தபடியேதான் அவன் பிளேடை இறக்கினான்.

நிழலுக்கு எல்லோரும் சீக்கிரமே பழகிவிட்டார்கள். பொறியாளர் பாஸ்கர், துபாய் கராமாவில் மனைவி ஷியாமளாவையும் மகளையும் விட்டுவிட்டு வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர், வெயிலில் நாற்பத்தொன்பது டிகிரி, நிழலில் முப்பத்தாறு என்று தினசரி அறிக்கையில் எழுதினார். நிழலுக்குள் போட்ட கான்கிரீட் வெடிப்பில்லாமல் இறுகியது. உச்சிப்பொழுதில் ஆட்கள் நாலைந்து பேராகப் பிரிந்து கூரைநிழல்களுக்குள் போய்ப் படுத்தார்கள். எந்த வீட்டில் காற்று வரும், எதில் சமையல்கட்டு ஒடுக்கம் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் அத்துப்படியானது.

ராணுவத்துக்குத்தான் சிக்கல். முதலில் வந்த விமானத்தின் பைலட், குறுக்கே சுவர் நிற்கிறது என்று சொல்லி இறங்காமல் திரும்பிப் போனார். ஓடுபாதைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். நிழல் பெயிண்டின் மேல் விழுந்தது. நாலு பக்கமும் விளக்குக் கம்பம் நட்டார்கள். நிழல்கள் அவற்றை மதிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அதிகாரி நேரே வந்து, கடைசி வீட்டின் நிழலை மறுபடி இடிக்கும்படி உத்தரவு போட்டார். அந்த நேரத்தில் கார்மேகம் என்ற கம்பி கட்டுகிறவன் வெயில் தாக்கி விழுந்து, அதே நிழலில் ஈரத்துணி சுற்றிக் கிடந்தான். உடையப்பன் பிளேடை இறக்காமல் எஞ்சினை அணைத்தான்.

"யல்லா, ஜல்தி" என்று கத்தினார் அதிகாரி.

பாஸ்கர் ஓடிவந்தார். "ஏன் நிறுத்திட்ட உடையப்பன்? கார்மேகத்தை வேணும்னா தூக்கி வெளிய போட்டுக்கலாம்."

"வெளிய போட்டா செத்துருவான் சார். ஒருக்கா இடிச்சது போதும், வீட்டுக்குள்ள ஆளு இருக்கையில திரும்ப இடிக்க மாட்டேன்."

"எந்த வீடு? அது வெறும் தரை."

"அப்ப நீங்க ஏன் சார் சுத்திக்கிட்டு வாசல் வழியாவே வாரீக?"

பாஸ்கர் தன் காலடியைப் பார்த்தார். வாசல்நிழலுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு அதிகாரியிடம் போய், எஞ்சின் மாஃபி, கலாஸ், செத்துவிட்டது, ஜுபைல் துறைமுகத்திலிருந்து பார்ட் வரவேண்டும் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டார். பொய் தெரிந்தால் இருவருக்கும் ராணுவச் சிறைதான். கார்மேகம் சாயங்காலம் எழுந்து கஞ்சி குடித்தான். பார்ட் ஏழு வாரம் வரவில்லை. அதற்குள் போர் முடிந்து, தீவு பழைய ஆட்களுக்கே என்று ஒப்பந்தமாகிவிட்டது. ஒரு விமானமும் அங்கே இறங்கவில்லை.

முதல் படகில் மகளோடு வந்தவள் ஹஃபீஸா. யாரையும் வழி கேட்காமல் கான்கிரீட்டின் மேல் நடந்து, கடைசி வீட்டின் நிழலுக்குள் போய் உட்கார்ந்தாள். இயந்திரங்களைக் கப்பலேற்ற மிச்சமிருந்த ஆட்களில் உடையப்பனும் ஒருவன். இரண்டு நாள் தள்ளியே நடமாடிவிட்டு, மூன்றாம் நாள் போய் நின்று, கேம்ப் இந்தியில், இந்த வீட்டை இடித்தது நான்தான் என்று சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் தண்ணீர் கொண்டுவர எழுந்தபோது வேண்டாமென்று கையமர்த்தினாள்.

"இடிக்கத் தெரிந்தவனுக்குக் கட்டத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மறுநாளே அவன் நிழலின் விளிம்பில் சுண்ணாம்புக்கோடு போட்டான். பாஸ்கர் லீவை ரத்து செய்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தை நாடாவால் அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஊரிலிருந்து அவன் மனைவி ராக்கம்மா போனில், "சண்டைதான் முடிஞ்சுருச்சுல்ல, இன்னும் அங்கன என்ன சோலி?" என்று கேட்டாள். "நான் ஒடச்சது கெடக்கு" என்றான். ஓடுபாதைக்கு வந்த சிமெண்டிலேயே சுவர் எழும்பியது. கூரை ஏறிய அன்று, புதுநிழல் பழைய நிழலின் மேல் ஒரு விரற்கடைகூட விலகாமல் விழுந்தது. அதன்பிறகுதான் ஹஃபீஸா அவனுக்குத் தேநீர் கொடுத்தாள்.

மற்ற வீடுகளுக்கு இரண்டரை வருடம் ஆனது. இப்போது அங்கே நாற்பத்துமூன்று வீடுகளுக்கும் இரண்டிரண்டு நிழல். அதனால் யாரும் ஏசி வாங்குவதில்லை; அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும் ஆடி, ஆவணியில்கூட மத்தியானம் போர்வை கேட்கிறது.