மேல்தளத்து முன் இருக்கை

1.

இந்தக் கதை ஒரு காலிலிருந்து வந்தது. ஒரு பெருநகரத்தில், ஊர் சுற்றிக் காட்டும் இரண்டடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசையில் ஓர் அம்மாவும் மகளும். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அம்மாவின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே தகரத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அவர்கள் பேச்சில் பாதிதான் எனக்குக் கேட்டது. மீதி என் கைச்சரக்கு. எது எங்கே முடிகிறது என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மாநகரம் தன் கோபுரங்களை விரித்து அவர்களை வரவேற்…"

[வேண்டாம். மாநகரம் யாரையும் வரவேற்பதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.]

பிறகு இப்படி:

"அம்மா தங்கள் சின்ன நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறாள். மகள் பல் செட் செய்கிறாள். மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, ஈறுக்கு நிறம் பார்த்து, மெருகேற்றிக் கொடுக்கிற வேலை. இந்த நகரத்துப் பெரிய பல் லேப் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவள் வரப்போவது உறுதி. அம்மாவும் கூட வருவாளா என்பதுதான் தெரியவில்லை. வந்தால் அங்கே பஸ்ஸை விட்டுவிட வேண்டும். இந்தச் சுற்றுலாவே அந்தக் கேள்விக்குச் சுற்றிய ஜிகினாத் தாள்."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் வண்டி நகர்கிறது.

3.

முன் இருக்கையை ஆசையாகப் பிடித்தவள் மகள்தான். டிரைவருக்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்துவிட்டாள். டிரைவர் வீட்டுப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தவறு. எனக்கும் உங்களுக்கும் அது வேடிக்கை பார்க்கும் இடம். அம்மாவுக்கோ ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு உட்காரவைத்த டிரைவர் சீட்.

"அம்மா, லெஃப்ட்ல பாரு. பழைய கோட்டையாம்."

"கோட்டை எங்கயும் ஓடிடாது. அந்த சைக்கிள்காரன்தான் குறுக்க வர்றான்."

"ஓட்டறது நீ இல்லம்மா."

"தெரியுதுடி. அதான் பயமா இருக்கு."

ஒரு சந்துக்குள் திரும்ப வேண்டிய பேருந்து திரும்பாமல் நேரே போனது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னலுக்குள் காயும் துண்டு வரை தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா மட்டும், "இரு, இரு… இப்ப ஒடி" என்றாள். அந்தக் கணத்தில் பேருந்து ஒடிந்து திரும்பியது.*

* இது எப்படி என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். முன்னாலேயே ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். ஆகவே ஓட்டுநர் வண்டியின் மூக்கைத் திருப்பத்தைத் தாண்டிப் போகவிட்டு, பின்பாதிக்கு இடம் உண்டாக்கி, அப்புறம்தான் திருப்புவார். ஓட்டுநரின் இருக்கைக்கு நேர் மேலே இருப்பவருக்கு, அந்த ஒரு மூச்சு நேரம் சுவரில் முட்டப்போவது போலவே இருக்கும்.

"நல்ல கை" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு கால் கொஞ்சம் தளர்ந்தது.

4.

மகள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவளை அம்மாவை நினைத்துக் கூச்சப்படுகிறவளாக எழுதியிருந்தேன்: "யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பி…" அது பொய். அவள் திரும்பவே இல்லை. அவள் செய்தது வேறு. அம்மாவின் காலடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிரேக் போட இடம் பத்துதா?"

"கிண்டலா?"

"இல்ல, உயிர்பயம்."

இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். கூச்சத்தை எழுதிய அந்தப் பக்கத்தை நான் கிழித்துப் போட்டேன்.

பிறகு அம்மா கேட்டாள்: "நம்ம ஊர்ல பொக்கை வாய்க்கா பஞ்சம்? பல்லு கட்ட இவ்வளவு தூரம் வரணுமா?"

"இங்க மெஷின் இருக்கும்மா. வாயை அளவெடுத்தா போதும், அதுவே செதுக்கிடும்."

"அப்புறம் நீ எதுக்கு?"

"மெஷின் செய்யற பல்லு எல்லாம் ஒரே சீரா இருக்கும். சொந்தப் பல்லு மாதிரி தெரியாது. ஒண்ணு ரெண்டைக் கொஞ்சம் கோணலா வைக்கணும். அது என் வேலை."

அம்மா மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பத்தி எழுதி, பெருமை என்ற சொல்லை மூன்று முறை போட்டு, மொத்தத்தையும் அடித்துவிட்டேன். ஓரக்கண்ணே போதும்.

5.

மூலையில், கூரையை ஒட்டி ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. மேல்தளத்தில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று கீழே இருக்கும் ஓட்டுநர் பார்ப்பதற்காக. பிம்பம் ஒரு குழாய் வழியாக இறங்கி அவர் தலைக்கு மேல் விழும். வெளிச்சம் போன வழியிலேயே திரும்பியும் வரும். அதாவது, சரியான கோணத்தில் தலையைச் சாய்த்தால் நமக்கும் அவர் தெரிவார்.

அம்மா சாய்த்தாள். கண்ணாடியில் இரண்டு கண்கள். எதிரே வரும் வண்டிக்காரருக்குக் காட்டுவதுபோல உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள். கீழே புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது.

"அவருக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, நீயும் டிரைவர்னு?"

"மத்தவங்க யாரும் அந்தக் கண்ணாடியைப் பார்க்கறதில்லையே."

6.

இப்போது முடிவு. இரண்டு எழுதிவைத்திருந்தேன்.

(அ) அம்மா, "வர்றேன்" என்கிறாள். மகள் அழுகிறாள். [பஸ்ஸை இவ்வளவு லேசாக விடுகிறவளை நான் இதுவரை எழுதவில்லை.]

(ஆ) அம்மா, "மாட்டேன்" என்கிறாள். மகள் அழுகிறாள். [அழுகையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது.]

நடந்தது வேறு. பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது, இத்தனை நேரம் சுற்றி வளைத்த மகள் நேராகவே கேட்டாள்.

"என்னோட இங்க வந்து இருக்கியாம்மா?"

அம்மா சாலையை விட்டுவிட்டு அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"நான் அங்க தனியா கிடப்பேன்னு கூப்பிடறியா? இல்ல, இங்க தனியா இருக்க உனக்குப் பயமா இருக்கா? ரெண்டுக்கும் வேற வேற பதில் வச்சிருக்கேன். எதைக் கேக்கறன்னு சொல்லு."

முடிவு அம்மாவின் கையில் இருப்பதாக நினைத்தே நான் இவ்வளவு தூரம் எழுதிவந்தேன்.

 மகள் குனிந்து அம்மாவின் காதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்காததையெல்லாம் கற்பனை செய்துதான் இந்தக் கதையை நிரப்பினேன். இதை மட்டும் அப்படி நிரப்ப மனம் வரவில்லை.

அவள் இடத்தில் இருந்தால் நீங்கள் எதைச் சொல்வீர்களோ, அதையே அவளும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை, யோசித்தே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அம்மாவிடம் அதற்குப் பதில் இருக்கிறது.