மேகலாவின் அறைக்கு ஒரு வண்டி

எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் இருந்த அறையும் கூடவே போகும். மூன்று நாள் முன்னதாகக் கொத்தனார் வந்து சுவரோரமாக நூல் பிடிப்பார். அறை அலுங்காமல் வீட்டைவிட்டுப் பிரிந்து வரும். அடியில் அச்சும் சக்கரமும் கோத்து, முன்னால் கொக்கி வைத்துவிட்டால் கொத்தனார் வேலை முடிந்தது. மீதியெல்லாம் பெண்ணைப் பெற்றவன் பாடு.

இழுக்கிற வண்டி பெண்ணின் அப்பாவுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். வாடகை வண்டிக்குப் பின்னால் அறை வராது, அடம்பிடித்து நின்றுகொள்ளும். ஓட்டுவதும் அவரேதான். பெண் அறைக்குள் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாள். தாய்மாமன் சக்கரக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வருவார். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் கட்டை போடலாம். ஆனால் தாய்மாமன் தானாகப் போடக் கூடாது, பெண்ணின் அப்பா வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர் கேட்காமல் விட்டு, அறை ஒரு சாண் பின்னால் வழுக்கிவிட்டால் போச்சு, பெண்ணோடு சேர்த்து வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். அடுத்த முகூர்த்தம் ஒரு வருஷம் கழித்து. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாழைமரத்தை அவிழ்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எடைமேடை அர்த்தநாரியின் மகள் மேகலாவுக்கு மலைமேல் மாப்பிள்ளை அமைந்தது. மிளகுத் தோட்டம், நல்ல குடும்பம், பையன் அதிர்ந்து பேசாதவன். குறை என்று சொன்னால் எழுபது கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். அர்த்தநாரியிடம் அதுவரை சைக்கிள்கூடக் கிடையாது. ஊர் வண்டியெல்லாம் தன் எடைமேடையில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டவர். ஓட்டக் கற்றுக்கொண்டதே பூ வைத்த பிறகுதான்.

பழைய வண்டி விற்கிற தங்கராசுவிடம் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. இரண்டும் வெள்ளை. ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். தங்கராசு பொய் சொல்லத் தெரியாத வியாபாரி, அதனால் வியாபாரமும் சுமார்தான். டீசல் வண்டி முக்கி முனகினாலும் முதல் கியரிலேயே மலையைச் சுமந்துகொண்டு போய்விடும், இறக்கத்தில் என்ஜினே பிடித்துக்கொள்ளும் என்றார். ஆனால் சத்தம் போடும், அதிரும், மலைக்குளிரில் காலையில் எழுப்புவதற்குள் நம் உயிர் போய்விடும். பெட்ரோல் வண்டி பூ மாதிரி கிளம்பும். சமதளத்தில் சொன்னபடி கேட்கும். பாரத்தோடு ஏற்றம் என்றால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சூடேறும், எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அர்த்தநாரி இன்னொரு தடவை கேட்டார். நாற்பதாவது வளைவு வாக்கில் நின்றாலும் நிற்கலாம் என்றார் தங்கராசு. அர்த்தநாரி பெட்ரோல் வண்டியின் பானெட்டைத் தடவிக் கொடுத்தார். நாளைக்கு வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தவர், அப்படியே இருபது நாளாகச் சொல்லாமல் இருந்தார்.

மூடி மறைக்க என்ன இருக்கிறது, மகளை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும் என்று தோன்றியது. ஒரு வருஷம் என்றால் இன்னும் ஒரு தீபாவளி, இன்னும் ஒரு மாங்காய்ப் பருவம், தினமும் சாயங்காலம் அந்த அறையிலிருந்து ரேடியோவுக்கு மேலாகக் கேட்கிற அவள் சிரிப்பு.

வீட்டில் பெட்ரோலுக்காக வாதாடினார். டீசல் அதிர்ந்தால் சுவர்ப்பூச்சு உதிரும், நிலைக்கண்ணாடி விரியும், புகை அவள் புடவைக்கெல்லாம் ஏறும் என்றார். மனைவி ராசாமணி கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். மைத்துனன் செல்லமுத்து, "மாமா, நீங்க எந்த வண்டி எடுத்தாலும் கட்டை என் தோள்லதான் இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னான். டீக்கடையில், அர்த்தநாரி வண்டி வாங்குவதற்குள் மலையே இறங்கி வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பெட்ரோல் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

கொத்தனார் நூல் பிடித்த அன்று மத்தியானம், முதலில் எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று மேகலாதான் சொன்னாள். தெருக்காரர்கள் எட்டுப் பேர் அறையைத் தள்ளிக்கொண்டு வந்து எடைமேடையில் நிறுத்தினார்கள். வெறும் அறை மூன்றரை டன் காட்டியது. மேகலா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்றேகாலுக்கு இறங்கியது. பெண்கள் உட்கார்ந்தால் குறைவது வழக்கம்தான் என்று செல்லமுத்து அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகுதான் அர்த்தநாரி அந்தத் தப்பைச் செய்தார். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருமே செய்கிற தப்பு. ஜன்னல் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார். கொக்கியைப் பார்த்தார். அலமாரிக் கதவில் அவள் உயரத்தை வருஷா வருஷம் குறித்து வைத்திருந்த கோடுகளைப் பார்த்தார். மீட்டர் ஐந்து டன்னைத் தாண்டியது. அவர் வெளியே வந்த பிறகும் அது நாலேமுக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. தன் கையால் எண்ணெய் போட்டு வளர்த்த எடைமேடை, பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும்.

மேகலா இறங்கி வந்து, மீட்டர் இருந்த கூண்டுக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெட்ரோல் வண்டி நாற்பதாவது வளைவுல நின்னுரும்னு தெரியுமில்லீங்கப்பா?"

"தெரியும் கண்ணு."

"நின்னு வழுக்குச்சுன்னா நான் வந்துருவேன். அழுதுக்கிட்டு இல்ல, சந்தோஷமாவே வந்துருவேன். அடுத்த வருஷமும் வழுக்கோணும்னு வேண்டிக்குவேன். அதனால டீசலே எடுத்துருங்கப்பா."

அர்த்தநாரி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தால் பெட்ரோல் என்று சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தங்கராசுவிடம் போய் டீசல் வண்டியை எடுத்துவந்தார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். தாய்க்காரி கூடப் போவதில்லை. அறை இருந்த இடத்தில் விளக்கேற்றிவைத்து வீட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ராசாமணி உட்கார்ந்தாள். வண்டி கர்புர்ரென்று தெருவையே எழுப்பிவிட்டுப் புறப்பட்டது.

தங்கராசு சொன்னது அத்தனையும் சரி. வண்டி உறுமியது, முனகியது, வாய்க்கு வந்தபடி புகைத்தது. ஆனால் வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே இருந்தது. நாற்பதாவது வளைவை மூச்சே வாங்காமல் தாண்டியது. அர்த்தநாரிக்கு அது பெருமையாகவும் இருந்தது, வண்டிமேல் கோபமாகவும் வந்தது.

ஐம்பத்தெட்டாவது வளைவில், மேலேயிருந்து பலாப்பழ லாரி ஒன்று அகலமாகத் திரும்பி இறங்கியது. அர்த்தநாரி பிரேக்கை மிதித்தார். பழக்கமில்லாத கால், கிளட்ச்சை விட்டுவிட்டது. என்ஜின் நின்றுபோனது. லாரிக்காரர் அறையைப் பார்த்ததும் தன் என்ஜினையும் அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நாலேமுக்கால் டன்னும் பிரேக்கை அழுத்துகிற ஒற்றைக் காலில் வந்து நின்றது. கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, கம்பியைப் பிடித்திருந்த மேகலாவின் விரல்கள் தெரிந்தன. செல்லமுத்து கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, மரியாதைக்காகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கால் வலிக்கிறது என்று லேசாகத் தூக்கினால் போதும். ஒரு சாண். டீசல் எடுத்த மனுஷனை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவள் சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். அடுத்த வருஷமும் வருவாள். அதற்கடுத்த வருஷமும்.

அர்த்தநாரி தலையை வெளியே நீட்டினார்.

"கட்டை போடு, செல்லமுத்து."

சத்தம் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. மலையில் ரெண்டு இடத்தில் மோதித் திரும்பியது. செல்லமுத்து கட்டையைப் போட்டான். அர்த்தநாரி காலை எடுத்து, துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.

மூன்று மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் தெற்குச் சுவரை ஒட்டி இடம் விட்டு வைத்திருந்தார்கள். அறை தளத்தில் உட்கார்ந்து, கதவு ஒருமுறை தானாகத் திறந்து மூடியது. மேகலா எல்லோருக்கும் காபி போட எழுந்து போனாள். அவள் அடுப்படி எங்கே என்று விசாரித்த குரலைக் கேட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டும் என்று அர்த்தநாரி கிளம்பினார். இறக்கத்தில் வண்டி சொன்ன மாதிரியே பிடித்துப் பிடித்து இறங்கியது. செல்லமுத்து பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டான்.

அவனை அவன் வீட்டில் இறக்கிவிட்டுத் தன் தெருவுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. எதிரே வீட்டின் பின்சுவர் நின்றது. காலையில் மேற்கே பார்த்திருந்த வீடு, கிழக்கே மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ராசாமணி அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சுத்திக்கிட்டு வாங்க. மத்தியானம் நீங்க கட்டை கேட்ட சத்தம் வந்துச்சு. அப்பத் திரும்புனதுதான்."

அர்த்தநாரி வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் வாழைக்கன்றுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.