கூடுதலாக ஒரு யானை

தலைமை நடுவர் காலையில் என்னைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார். அப்பா கூட வரக்கூடாதாம். அண்ணா, அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. அப்பா தூங்குகிறார், இல்லை தூங்குவது போல் படுத்திருக்கிறார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இதை அனுப்புகிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு வாயைத் திறக்காதே.

ஸ்கோரைப் பார்த்திருப்பாய். இரண்டுக்கு இரண்டு. நாலு செஸ் போர்டிலும் டிரா. டிரா ஆனாலே இரண்டு அணிக்கும் போதும் என்பதால் நம் நாடும் அவர்கள் நாடும் கைகோத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போயாச்சு. கடைசி போர்டில் நான் ஒரு யானையைக் கூடுதலாக வைத்துக்கொண்டு டிரா கேட்டதைப் பார்த்து உனக்கும் தலை சுற்றியிருக்கும்.

நானாகக் கேட்கவில்லை. மற்ற மூன்று ஆட்டமும் முடிந்திருந்தது. எங்கள் அணியின் ஆடாத கேப்டன் என்கிற முறையில் அப்பா என் மேசைக்கு வந்தார். கேப்டன் காய் நகர்த்துவதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. டிரா கேள், ஒத்துக்கொள் என்று மட்டும் சொல்லலாம். நடுவர் பக்கத்தில் நிற்க, "டிரா கேளு பாப்பா" என்றார். பலகையைப் பார்க்கவேயில்லை. என் கண்ணுக்குப் படாத ஏதோ ஆபத்து அவருக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். விளையாடப் பழகிய நாளிலிருந்து அவர் பேச்சை நான் தட்டியதுண்டா? கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள் எதிரில் இருந்தவள் கையை நீட்டிவிட்டாள்.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவளே வந்து பேச்சுக் கொடுத்தாள். எல்லாம் நேற்றே பேசி முடித்ததுதானே, நீ ஏன் உயிரைக் கொடுத்து ஆடினாய் என்று சிரித்தாள்.

ஓடிப்போய் நம் முதல் போர்டுக்காரனைப் பிடித்தேன். எதிராளி முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவானே, அந்தக் கொட்டாவிதான். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அவன் ஷூவில் கயிறே கிடையாது.

அப்பா அறையில் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மத்த மூணு பேருக்கும் சொல்லியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன்பா சொல்லல?"

"உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும் பாப்பா. உனக்குப் பொய் சொல்ல வராது."

என்னைப் பாராட்டுவது போலத்தான் சொன்னார்.

சொல்லியிருந்தால் நானும் மற்றவர்களைப் போலக் காய்களை வெட்டித் தள்ளிச் சாதுவாக முடித்திருப்பேனோ, முடியாது என்று சண்டை போட்டிருப்பேனோ, தெரியவில்லை. சொல்லாததால் ஜெயிக்க ஆடினேன். அதனால்தான் இப்போது அந்த யானை எல்லார் கண்ணையும் உறுத்துகிறது. பேசி வைத்த ஆட்டம் என்று வெளியே வந்தால் அணியை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். அப்பா இனி எந்த அணியோடும் போக முடியாது. வெளியே வராவிட்டால், கையில் இருந்த ஆட்டத்தை விற்றவள் என்று என்னைத்தான் சொல்வார்கள்.

விளக்கை அணைக்கும்போது அப்பா சொன்னார்: "பேசி வெச்சது எதுவும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. தெரியாதுதானே?"

ஆடும்போது தெரியாது. இப்போது தெரியுமே.

காலையில் நடுவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். அப்பாவே நம்பாத இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லட்டும், அண்ணா?