மூடப்போகும் வீட்டுக்கு எட்டுப் பேர்

ஆகஸ்ட் வெயிலில், ஒரே வாசலுக்குள் இருபத்தோரு பெண்கள் ஒருத்தி தலைக்கு மேல் இன்னொருத்தி தலையை நீட்டிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக் கதவைத் தட்டினால் அதற்கு எங்கள் ஊரில் வரவேற்பு என்று பெயர். வெளியே புல்தரையில் முதலாண்டுப் பெண்கள் வரிசையாக நின்று மிரண்டுபோய்ப் பார்ப்பார்கள். மிரளாமல் என்ன செய்வார்கள்? நானே முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடலாமா என்று யோசித்தவள்தான்.

அந்த வருடம் நான்தான் வீட்டுத் தலைவி. தலைவி என்றால் ஏதோ கிரீடம் என்று எண்ண வேண்டாம். குழாய் அடைத்தாலும் 'கெர்ஸ்டின்!', எவளாவது காதலனோடு சண்டை போட்டாலும் 'கெர்ஸ்டின்!' நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. அங்கே மாணவிகள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து, சங்கத்துக்கு ஒரு வீடு என்று ஒன்றாகத் தங்குவார்கள். கல்லூரியின் பின்தெருவில், சங்கப் பெயரான மூன்று கிரேக்க எழுத்துகளை நெற்றியில் ஒட்டிக்கொண்ட வெள்ளை மரவீடு எங்களுடையது. பக்கத்துச் சங்கங்களின் வீடுகளுக்குத் தூண்கள் உண்டு. எங்களுக்கு வாசலில் ஒரு ஊஞ்சல், அதிலும் ஒரு பக்கம் உட்காரக் கூடாது.

இருபத்தோரு பேரில் பதினைந்து பேர் மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். மிச்சம் ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன வீடு? அதனால் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் எங்கள் சங்கத்தின் தலைமையகத்திலிருந்து திருமதி ஹெல்விக் வசந்த காலத்திலேயே வந்து, காப்பியைக்கூடத் தொடாமல், நிபந்தனையைச் சொல்லிவிட்டுப் போனார். ஜனவரிக்குள் பன்னிரண்டு புதுப் பெண்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் மே மாதத்தோடு கிளையை மூடிவிடுவார்கள். அவரும் எங்கள் சங்கத்துப் பெண்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் உறுதிமொழி எடுத்தவர். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறாது.

ஆள் சேர்க்கும் வாரத்தில் வந்த பெண்களிடம் காதல், கட்சி, கடவுள், காசு, குடி எதுவும் பேசக் கூடாது என்பது விதி. மிச்சமிருப்பது வானிலையும் நாய்க்குட்டியும்தான். வீடு மூடப்படலாம் என்பதை வாசலில் வைத்துச் சொல்வது வழக்கமும் இல்லை. எந்த வீட்டுக்காரியும் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லமாட்டாள். நாங்களும் சொல்லவில்லை. என் தோழி ஒடெஸ்ஸாவை முன்னால் நிறுத்தினோம். ஓமஹாவில் வளர்ந்தவள், பேச்சில் கெட்டிக்காரி. பயந்த பெண்ணிடம் போய்த் தன் பயத்தைச் சொல்லுவாள், திமிர் பிடித்தவளிடம் போய் அறிவுரை கேட்பாள். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நானும் முயன்று பார்த்தேன். என்னிடம் வந்தவள் ரொசால்பா கார்டெனாஸ் என்ற குட்டைப் பெண்.

"இந்த வீட்டுல சாப்பாடு எப்படி?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சுமார்தான்" என்றேன்.

"அப்பாடா! காலையிலேருந்து நாலு வீடு ஏறி இறங்கிட்டேன். ஒருத்தியாவது எதையாவது சுமார்னு சொன்னாளா? எல்லாம் சூப்பர், எல்லாம் சூப்பர். கன்னம் வலிக்குது சிரிச்சு சிரிச்சு."

எந்த வீடு கூப்பிட்டிருக்கிறது என்று அழைப்பு அட்டைகளைப் பிரித்துப் பார்க்கும் சனிக்கிழமை, மைதானத்திலிருந்து பெண்கள் தங்கள் தங்கள் வீட்டை நோக்கி ஓடி வருவார்கள். எங்கள் தெருவில் திரும்பிய கூட்டத்தில் முதல் ஆளாய், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள் ரொசால்பா. அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். மொத்தம் பதின்மூன்று! ஒடெஸ்ஸா என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அழுதேன். அழுததை மறைக்கவும் இல்லை.

அந்த இலையுதிர் காலம் போல வீடு என்றும் இருந்ததில்லை. புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு ஒடெஸ்ஸாவுடையது. ஒவ்வொரு புதியவளுக்கும் ஒரு அக்காவைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ரொசால்பா எனக்குத் தங்கையாக வாய்த்தாள். யார் செய்த புண்ணியம் என்று தெரியவில்லை. பழைய மாணவர்கள் திரும்பி வரும் ஹோம்கமிங் விழா ஊர்வலத்துக்கு, ஒரு வண்டி மேல் கோழிவலைக் கம்பியில் பெரிய காட்டெருமை ஒன்று கட்டி, அதன் ஒவ்வொரு ஓட்டையிலும் வண்ணத் தாளைச் சுருட்டித் திணித்தோம். வாரக்கணக்கில் விரல் நுனியெல்லாம் கீறல். பெரிய வீட்டுக்காரிகள் ஆள் வைத்துச் செய்தது போலச் செய்தார்கள். எங்கள் எருமைக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. ஊர்வலத்தில் மழை பிடித்து, சாயம் இறங்கி, எருமை அழுவது போல ஆனதும் ரொசால்பா வண்டி மேல் ஏறி நின்று அதற்குக் குடை பிடித்தாள். தெரு முழுக்கக் கைதட்டல். பரிசு எங்களுக்கு வரவில்லை. பரிசு வாங்கிய வண்டி எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

நவம்பரில் ரொசால்பாவின் அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் கை இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. செய்தி வந்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்தெல்லாம் நின்றுவிட்டது. ஒடெஸ்ஸா சாவியை எடுத்தாள், ரொசால்பாவை ஏற்றினாள், அவளுடைய ஊர்வரை அந்தப் பனியில் ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு இருந்தது. அது போயிற்று. அப்பாவுக்குக் கை தப்பியது, இரண்டு விரல் தப்பவில்லை.

டிசம்பரில், சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பும் சினமன் ரோல் என்ற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் பரிமாறி நிதி திரட்டும் விருந்து முடிந்து நாங்கள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது, திருமதி ஹெல்விக் தொலைபேசியில் கூப்பிட்டார். தலைமையகம் கூடிப் பேசியிருக்கிறதாம். பன்னிரண்டு பேர் உறுதிமொழி எடுத்தாலும் ஒரு வருட நீட்டிப்புத்தானாம். அடுத்த ஆண்டு முப்பது பேரைச் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். எங்கள் ஊரில் தூண் வைத்த வீடுகளே முப்பதுக்கு மூச்சு வாங்கும். எங்களால் எங்கே ஆகும்? ஆக, வீடு சாகப்போவது உறுதி. இந்த மேயா அடுத்த மேயா என்பதுதான் கேள்வி.

ஒடெஸ்ஸா அண்டாவைக் கீழே வைத்தாள்.

"புதுசுங்ககிட்ட சொல்லிடணும்" என்றாள்.

"என்னன்னு? வாங்கம்மா, எழவு வீட்டுல வந்து உக்காருங்கன்னா?"

"ஆமா. நீதான் நல்லா சொல்றியே, நீயே சொல்லு."

"விளையாடாதடி. சொன்னா பாதிப் பேர் போயிடுவாளுங்க. பன்னிரண்டுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் இந்த மே மாசமே கதவைச் சாத்திடுவாங்க. நாமளே நம்ம கழுத்துல கத்தி வச்சுக்கணுமா?"

"சொல்லலன்னா அவங்க கழுத்துல வைக்கிறோம். உறுதிமொழி எடுத்துட்டா ஆயுசுக்கும் வேற எந்த வீட்டுலயும் சேர முடியாது கெர்ஸ்டின். உனக்குத் தெரியாததா? இப்பவே வெளிய போனா அடுத்த வருஷம் எங்கயாவது சேந்துக்கலாம். நாம பட்டம் வாங்கிட்டுப் போயிடுவோம். அதுங்க அப்புறம் ரெண்டு வருஷம் வீடில்லாம இந்த ஊர்ல சுத்தணும்."

விதி அதுதான். உறுதிமொழிக்கு முன்னால் எவளும் விருந்தாளி, எழுந்து போகலாம். எடுத்த பிறகு எவளும் இந்த வீட்டுக்காரி. வீடு இடிந்து விழுந்தாலும் இன்னொரு சங்கம் அவளை வாசலில் ஏற்றாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் நுணல் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பழைய உறுப்பினர்கள் எல்லோர் முன்னாலும் நாங்கள் இருவரும் மறுபடி மோதினோம். நான் நன்றாகத்தான் பேசினேன். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் ஒடெஸ்ஸா பக்கம் எழுந்தது. பட்டம் வாங்கிப் போகப்போகிறவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வீடு போனா போகட்டும். பொய் சொல்லி நிக்குற வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்கான்னு சொல்லிக்கிறது?" அந்தப் பெண்களைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தலைவி நான்தான், சொல்ல வேண்டியவளும் நான்தான். பதின்மூன்று பேரையும் கூடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நிபந்தனை, நீட்டிப்பு, விதி, எதையும் மறைக்கவில்லை. பிரையர் என்ற உயரமான பெண்தான் முதலில் அழுதாள். "எனக்கு நாலு வருஷமும் ஒரு வீடு வேணும் கெர்ஸ்டின். மன்னிச்சிடு" என்றாள். "இதுல மன்னிக்க என்னடி இருக்கு?" என்று கட்டிக்கொண்டேன். அந்த வாரத்துக்குள் அவளையும் சேர்த்து ஐந்து பேர் விலகினார்கள். எட்டுப் பேர் மிஞ்சினார்கள். கணக்கு முடிந்துவிட்டது. மே மாதம் மூடுவது உறுதி என்று ஹெல்விக் எழுதிவிட்டார்.

"இனி அந்த எட்டுப் பெண்களுக்கும் உறுதிமொழி கொடுக்காதே. விட்டுவிடு. அதுதான் அவர்களுக்குச் செய்யும் நல்லது" என்றும் எழுதியிருந்தார். அதையும் அந்த எட்டுப் பேரிடம் சொன்னோம். ஜனவரியில் குறித்த நாளன்று உடுத்துவதற்கு ஒரு வெள்ளை உடுப்புப் போதும், வருவதும் வராததும் உங்கள் விருப்பம், வராவிட்டால் ஒருத்தியும் ஏன் என்று கேட்கமாட்டோம் என்றேன்.

அந்தக் காலையில் நான் கதவருகே நின்றேன். எத்தனை மெழுகுவர்த்தி எடுத்து வைப்பது என்று ஒடெஸ்ஸா கேட்டாள். எரிந்து விழுந்தேன். தெருவில் பனி முழங்கால் உயரம் கிடந்தது. முதலில் ரொசால்பா வந்தாள், வெள்ளை உடுப்புக்கு மேல் அவள் அப்பாவின் பெரிய வேலைக் கோட்டு. அவளுக்குப் பின்னால் பார்த்தேன். வரிசையாக ஏழு பேர்.

"பைத்தியமாடி நீங்க?" என்றேன். அந்தச் சடங்கில் பேசவே கூடாது. தலைவியே பேசிவிட்டேன்.

"அக்கா, குளுருது. உள்ள விட்டுட்டுத் திட்டு" என்றாள் ரொசால்பா.

சடங்கில் நடந்ததைச் சொல்லமாட்டேன். அது எங்களுடையது. முடிந்ததும் சமையலறையில் அவளைத் தனியே பிடித்து ஏன் என்று கேட்டேன். கேட்கமாட்டேன் என்று சொன்னதுதான், ஆனால் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்குப் பனியில ஒடெஸ்ஸா அக்கா வண்டி எடுத்தப்போ நான் இன்னும் விருந்தாளிதானே? நாளைக்கே நான் வேற வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? அதெல்லாம் பாத்தா எடுத்தாங்க?" என்றாள். பிறகு சினமன் ரோலை வாய் கொள்ளாமல் திணித்துக்கொண்டு, "அதுவும் போக, வேற வீட்டுல சாப்பாடு சூப்பராம். எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

அந்த வசந்தத்தில் அவர்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. மூடப்போகும் வீட்டுக்கு எவளாவது சுவருக்கு வண்ணம் அடிப்பாளா? அடித்தார்கள், சமையலறை முழுக்க மஞ்சள். பாட்டுப் போட்டியில் பெரிய வீடுகள் அறுபது பேரை மேடையில் ஏற்றின. நாங்கள் எல்லோரும் ஏறியும் பாதி மேடை காலி. எங்கள் குரல் பின்வரிசைவரை போனது. நானாவது பட்டம் வாங்கிப் போகிறவள், எனக்கு இது கடைசி வருடம். அவர்களுக்கு முதல் வருடமும் இதுதான், கடைசி வருடமும் இதுதான். ஒரு நாள்கூட ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை.

மே மாதம் திருமதி ஹெல்விக் வந்தார். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த, எங்கள் கிளைக்கு அனுமதி தந்த சாசனத்தைத் தானே கழற்றினார். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாய்த் தெரிந்தது. எல்லோரும் அழுதோம்.

"இந்த நிமிஷத்துலேருந்து நீங்க யாரும் இந்தக் கல்லூரிக் கிளையோட உறுப்பினர் இல்ல. விதிப்படி எல்லாரும் சங்கத்தோட மூத்த சகோதரிகள் ஆயிட்டீங்க. முதலாண்டுப் பெண்கள் உட்பட" என்று அறிவித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் கிடைக்கும் அந்தப் பெயர், பத்தொன்பது வயதுப் பெண்களுக்குக் கிடைத்தது. ஆறுதல் பரிசு என்றுதான் நான் நினைத்தேன்.

ரொசால்பா கையைத் தூக்கினாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"ஒரு சந்தேகம். மூத்த சகோதரின்னா, உங்கள மாதிரியா?"

"ஆமாம், குழந்தை."

"வருஷா வருஷம் ஜூன்ல மாநாடு நடக்குமே, மூடுன கிளையில எதைத் திரும்பத் திறக்குறதுன்னு முடிவு பண்ற மாநாடு. அதுல மூத்த சகோதரிகளுக்கு ஓட்டு உண்டுல்ல?"

திருமதி ஹெல்விக் சட்டத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். அவருக்குத் தெரியாத விதியா? கிளை மாணவிகளுக்கு வீட்டுக்கு ஒரே ஓட்டு. மாநாட்டுக்கு வரும் மூத்தவர்களுக்கு ஆளுக்கொன்று. எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. உறுதிமொழி கொடுக்காதே, விட்டுவிடு என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை. நான் ஒடெஸ்ஸாவைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"உண்டு" என்றார் கடைசியில். "மாநாட்டுல பேசவும் செய்யலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் உன் வயசுல வந்ததில்ல."

"இந்த வருஷம் எட்டுப் பேர் வர்றோம்" என்றாள் என் தங்கை. "அடுத்த வருஷமும் வருவோம். இன்னும் மூணு வருஷம் நாங்க இந்த ஊர்லதான இருக்கோம். அதுவரைக்கும் அந்தச் சாசனத்தைப் பத்திரமா வச்சிருங்க. கண்ணாடி உடைஞ்சிடப்போகுது."