ஆறு மணிக் கையெழுத்து

2025 ஜனவரி 21, செவ்வாய். காலை 6.15. இன்றைய தவறு: சாவி நோட்டில் இசக்கிதுரை அண்ணன் பெயருக்கு நேராக ஆறு மணி என்று எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். அவர் இன்னும் வரவில்லை. சின்னத் தவறுதான். ஆனாலும் தவறு.

எழுதிவிட்டு டைரியைப் பைக்குள் செருகினாள் விஜயராணி. மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, செய்த தவறை அப்போதே எழுதி வைப்பது அவள் வழக்கம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். அம்பர்நாத் ஆலைகளிலிருந்து வரும் பழைய கெமிக்கல் டிரம்களைக் கழுவி, நசுங்கல் எடுத்து விற்கும் தாராவிப் பட்டறை அது. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. விடியற்காலைக் குளிரிலும் கண் எரிந்தது.

அங்கே ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி போய்விடும். அதனால் முதலில் வருகிறவர் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். குழாயடியில் நிற்பவனுக்கும் கக்கூஸ் வரிசையில் மாட்டியவளுக்கும் அந்தக் கையெழுத்துதான் அன்றைய சோறு. நோட்டின் முதல் வரி, சாவி வாங்கிப் பட்டறையைப் பொறுப்பேற்கும் மேஸ்திரி இசக்கிதுரைக்கு.

ஆறே முக்காலுக்கு முதலாளி பிரம்மநாயகத்தின் போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால், ஆட்களில் மூத்தவரான மன்சூர் அலி ஸ்பீக்கரில் போட்டார்.

"எட்டு மணிக்கு வாஷியில இருந்து பார்ட்டி டெம்போ வருது. கழுவிக்கிட்டு இருக்காதீய. பூதத்தானை மூடிய அறுக்கச் சொல்லும்."

"உள்ள தின்னர் வாடை அடிக்கு, அண்ணாச்சி."

"வாடைதான அடிக்கு, புலியா அடிக்கு? அறுக்கச் சொல்லும்வே."

பூதத்தானின் கட்டர் தகட்டில் பட்டதும் பொறி தெறித்தது. மறுகணம் டிரம்மின் மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒன்பது பேர் தள்ளி நின்றதால் தப்பினார்கள். பூதத்தான் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

நான்காம் நாள் போலீஸ் பிடித்துப்போனது முதலாளியை அல்ல, இசக்கிதுரையை. ஆறு மணிக்குப் பட்டறை அவர் பொறுப்பில் இருந்ததாகச் சாவி நோட்டு சொன்னது. கழுவாத டிரம்மை அறுக்க அனுப்பி ஆளைக் கொன்றார் என்று வழக்கு. பத்து வருஷம்வரை ஜெயில். வெடித்த நேரத்தில் அவர் இரண்டு குடங்களோடு குழாயடியில் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை அவர் மனைவி கோமதியம்மாளை அழைத்துக்கொண்டு மாதுங்காவில் சந்திரமௌலி என்ற வக்கீலிடம் போனாள் விஜயராணி. அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெயிலுக்கு மட்டும் ஒரு லட்சம். கேஸ் நடந்தா தேதிக்குப் பன்னெண்டாயிரம். எத்தனை தேதின்னு கேக்காதீங்கோ, அது பகவானுக்கே தெரியாது."

"அவுக ஒரு தப்பும் செய்யலய்யா."

"தப்பு செய்யாதவாளுக்கும் அதே ஃபீஸ்தாம்மா."

விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு நாள்கூலி நானூற்றைம்பது. ஒரு தேதிக்கு இருபத்தேழு நாள் விரல் வேக வேண்டும். குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ளவும், வாடகை வீட்டுக்குப் போல, இந்த ஊரில் பகடி முன்பணம் கேட்கிறார்களே! டைரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கையெழுத்து நான் போட்டது, சார். அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேன்."

"டைரியை நேத்திக்கு உக்காந்துகூட எழுதலாம்னு சர்க்கார் வக்கீல் சொல்வான், குழந்தை. நீ ஒருத்தி சொன்னா கதை. பட்டறையே சொன்னா சாட்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் ஃபீஸ் உங்களுக்குக் கட்டாது. கோர்ட்டுல சட்ட உதவி ரூம் இருக்கு. உள்ள இருக்கறவாளுக்கு இலவசமா வக்கீல் தருவா. சாட்சி தரமாட்டா."

திரும்பும் வழியெல்லாம் கோமதியம்மாள் நாலடி முன்னாலேயே நடந்தாள். அந்த முதுகு தன்னைத்தான் திட்டுகிறது என்று விஜயராணிக்குப் பட்டது.

மறுநாள் காலை சாட்சி கேட்க விஜயராணியோடு கோமதியம்மாளும் வந்தபோது, பட்டறை வாசலில் பிரம்மநாயகம் காத்திருந்தார்.

"நீ ஏம்ளா கோமதி மாதுங்காவுக்கு அலையுத? பெரிய வக்கீலா நான் வைக்கேன். எம்புட்டு ஆனாலும் நான் குடுக்கேன். அறுக்கச் சொன்னது தாந்தான்னு ஒம்புருசன் ஒரு வார்த்த ஒத்துக்கிட்டாப் போதும். சீக்கிரம் வெளிய கொண்டாந்துருவேன்."

"அறுக்கச் சொன்ன வாயி ஒங்களுதுல்லா? பழிய மட்டும் ஏழைக்கு வாடகைக்கு விடுதீயளோ?" என்றாள் கோமதியம்மாள்.

விஜயராணி முன்னால் வந்தாள். "அந்தக் கையெழுத்து என்னுது, அண்ணாச்சி. போய்ச் சொல்லப்போறேன்."

"சொல்லு. கள்ளக் கையெழுத்துப் போட்டவளுக்கும் உள்ள எடம் உண்டு. ஒனக்கு எவன் வக்கீல் வருவான், ஒன் கிளாஸ் வாத்தியானா?"

வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயிலும் வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். மன்சூர் அலி கையைத் துடைத்துக்கொண்டு போய், போலீஸ் பழையதைக் கொண்டுபோன பிறகு வைத்த புது சாவி நோட்டை எடுத்து வந்தார்.

"இன்னைக்கு ஒம்பது பேருக்கும் போட்டது நான். கள்ளக் கையெழுத்துல என்னையும் சேத்து எழுதிக்கிடும்."

"நேத்து நான்," என்றாள் கோகிலவாணி.

"சனிக்கெழம நானு." "வெடிச்சதுக்கு முந்தின வாரம் பூரா நாந்தான்." குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"அத்தன பேரையும் வெளிய தள்ளிருவேன்!"

"தள்ளும். டிரம்ம நீரே கழுவி வாஷிக்கு அனுப்பும்வே," என்றார் மன்சூர் அலி. முதலாளியை அவர் 'அண்ணாச்சி'யை விட்டு 'வே' என்றது அதுவே முதல்தடவை. ஒன்பது பேரும் வெளியே வந்தார்கள்.

எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதினாள் விஜயராணி. யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டார்கள், ஸ்பீக்கரில் என்ன கேட்டார்கள் என்று எழுதி, எழுதியதைப் படித்தும் காட்டினாள். கோகிலவாணி ஓர் இடத்தில் நிறுத்தினாள். "அண்ணாச்சி சொன்னாருன்னு எழுதாத. பிரம்மநாயகம் சொன்னாருன்னு முழுப்பேரு எழுது."

கோமதியம்மாள் தன் டீயை விஜயராணி பக்கம் நகர்த்தினாள். "குடி. ரெண்டு நாளா ஒன்ன மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டுதான் இருந்தேன். இனிம அவன வைய நேரம் பத்தாது."

ஜனவரி 28, செவ்வாய். அண்ணனுக்கு இன்னும் பெயில் இல்லை. வேலை இல்லை. என் பேரிலும் வழக்கு வரலாம். பயமாகத்தான் இருக்கிறது. நாளை: ஒன்பது வாக்குமூலங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும், முன்னதாகவே போய் நிற்க வேண்டும். பத்தரைக்குக் கோர்ட், சட்ட உதவி அறை, இசக்கிதுரை அண்ணனுக்காக மனு. கோமதியக்காவோடு பத்துப் பேர்.