ஏரி தெரியும் அறை

கூரைக்கும் மச்சுக்கும் நடுவில் இருந்த சந்தில் குப்புறப் படுத்து, கிழிந்துபோன ஏசி குழாயை ஒட்டிக்கொண்டிருந்தான் டாரல். அப்போதுதான் ட்ரீனா அழைத்தாள். ஜூன் மாத மதியத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரைக்கடியில் நுழைகிறவனுக்குத் தனியாக வேறு தண்டனை எதுவும் தேவையில்லை. பஞ்சுத் தூசி கழுத்தில் ஒட்டி அரித்தது, வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் அரிப்பு, வேர்வை எல்லாம் மறந்துபோயிற்று. விவாகரத்து ஆனபிறகு அவளாக அழைப்பது இதுதான் முதல் தடவை. எதற்காக அழைக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். நேற்றுக் காலையிலிருந்தே இந்த அழைப்பை எதிர்பார்த்திருந்தான். கத்தட்டும், நானும் ரெண்டு வார்த்தை கேட்கிறேன் என்று பதில்களைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

அவள் கத்தவில்லை.

"ரிசார்ட் புக்கிங்கை நீதானே கேன்சல் பண்ணினே?"

"ஆமா."

"அந்த ஆளு யாருன்னு நெனச்சே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"டாரல், அவன் பாயின்ட்டை வாடகைக்கு எடுத்தவன். கென்டக்கிக்காரன். அவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

கல்யாணமான மூன்றாம் வருடம் வாங்கிய பாயின்ட்டுகள் அவை. தீம் பார்க்கை ஒட்டிய அந்த ரிசார்ட்டில் இலவசக் காலைச் சிற்றுண்டி தருகிறார்கள் என்று போய், வயிறு நிறையத் தின்றுவிட்டு, எழுந்து வரக் கூச்சப்பட்டு விற்பனையாளன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்ததில் வந்த வினை. வருடா வருடம் கணக்கில் பாயின்ட் ஏறும். அதைக் கொடுத்து அறை எடுத்துக்கொள்ளலாம், ஐம்பது வருடத்துக்கு. எத்தனை குழந்தைகள் என்று விற்பனையாளன் கேட்டான். இன்னும் இல்லை, இரண்டு வரும் என்று ட்ரீனா சொல்லிவிட்டு டாரலைப் பார்த்துச் சிரித்தாள். நாலு பேர் தங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்தக் கணக்கில் வாங்கினார்கள். பிறக்காத அந்த இரண்டு பேரும் வளர்ந்து, அவர்களுக்குத் தலை நரைக்கிற காலம்வரை அந்த ஒப்பந்தம் ஓடும்.

குழந்தைகள் வரவில்லை. இருந்தாலும் வருடம் தவறாமல் போனார்கள். எப்போதும் ஒரே மாதிரி அறைதான், ஐந்தாவது மாடியில் ஏரி தெரியும் பக்கம். காலையில் ஏரியைத் தாண்டிப் பார்க்குக்குப் படகு போகும். படகு நிறைய மற்றவர்களுடைய பிள்ளைகள். ட்ரீனா இரவு உடையோடு பால்கனியில் நின்று கை ஆட்டுவாள். பிள்ளைகளும் ஆட்டும். உள்ளே வா, காபி ஆறுகிறது என்று டாரல் கூப்பிடுவான். உண்மையில் காபிக்காக அல்ல, அவள் அப்படி நிற்பதைப் பார்க்க அவனால் முடியவில்லை. இதை ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறான். அப்போது சொல்லவில்லை. காபி ஆறுகிறது என்று மட்டும்தான் பதினைந்து வருடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாயின்ட் வைத்திருக்கும் பாதிப் பேர் தாங்கள் போக முடியாத வருடத்தில் அதை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஊர் பேர் தெரியாத ஒருவன் பெயரில் அறையைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவன் வந்து தங்கிவிட்டுப் போவான். ஆனால் முன்பதிவு என்னவோ கடைசிவரை பாயின்ட்காரருடையதுதான். மாற்றுவதோ ரத்து செய்வதோ அவர் கையில். வந்து தங்குகிறவன் அதில் வெறும் பெயர். ட்ரீனாவுக்கு இந்த வழக்கமே பிடிக்காது. நம்ம கட்டிலில் கண்டவர்கள் படுக்கவா என்பாள். ஹோட்டல் கட்டிலில் வருடம் முழுக்கக் கண்டவர்கள்தானே படுக்கிறார்கள் என்று அவன் கேலி செய்வான். அவள் அசைய மாட்டாள்.

பிரிந்தபோது வீட்டை விற்றார்கள். மீன்பிடி படகு அவனுக்கு, நாய் அவளுக்கு. பாயின்ட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. விற்றுத் தொலையுங்கள் என்றார் வக்கீல். இரண்டு பேரும் சரி என்றார்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருடம் அவள், ஒரு வருடம் அவன் என்று பேச்சளவில் முடிவாயிற்று. தன் வருடத்தை அவன் வீணாகப் போகவிட்டான். இது அவள் வருடம். ஆனாலும் கணக்கு இரண்டு பேருக்கும் பொது, கடவுச்சொல் இன்னும் அந்த நாயின் பெயர். வேலைக்குப் போகும் முன் வேனில் உட்கார்ந்து சில நாள் அதைத் திறந்து பார்ப்பான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. நேற்று திறந்தபோது அதே ஐந்தாவது மாடி, அதே ஏரிப் பக்கம், ஒரு வாரம், கர்ட்டிஸ் என்று ஓர் ஆணின் பெயர். அதற்குக் கீழே ஒரு குழந்தை. பெண், வயது ஆறு.

யாரோ ஒருவனை மட்டும் அவள் அழைத்துப் போயிருந்தால் பொறுத்திருப்பான், அல்லது பொறுத்திருப்பேன் என்று அவன் நம்புகிறான். அந்தக் குழந்தைதான் அவனை உலுக்கியது. தாங்கள் பெறாத பிள்ளையின் இடத்தில் எவனோ பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து படுக்க வைக்கப் போகிறாள் என்று தோன்றியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரல் தன்பாட்டுக்குப் போய் ரத்து செய்தது. நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம் என்றான். அதன்பிறகு அன்றைக்குப் பார்த்த மூன்று வீட்டு வேலையிலும் விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

"நீதான் வாடகைக்கே விடமாட்டியே," என்றான் இப்போது.

"பின்ன? நான் தனியா போயி அந்த பால்கனில நிக்கணுமா?"

அறை கேட்டு எழுதியபோது கர்ட்டிஸ் சொல்லியிருந்த மீதியையும் அவளே சொன்னாள். கர்ட்டிஸுக்கும் அவன் மனைவிக்கும் ஆகாது. மகள் தாயிடம் இருக்கிறாள். வருடத்தில் ஒரு வாரம் அப்பாவோடு வெளியூர் போகலாம் என்று இந்த வருடம்தான் கோர்ட்டு அனுமதித்திருக்கிறது, அதுவும் எங்கே தங்கப்போகிறார்கள் என்பதைத் தாய்க்குக் காட்டிய பிறகு. நேற்றே கிளம்பி, ராத்திரி ஜார்ஜியாவில் எங்கோ படுத்துவிட்டு, இன்று நாலு மணிக்கு வந்து சேர்கிறார்கள். ரத்தான தகவல் ட்ரீனாவுக்கு மட்டும்தான் வந்திருந்தது, அதையும் அவள் இப்போதுதான் பார்த்தாள். ரிசார்ட்டுக்குப் பேசிவிட்டாள். பள்ளி விடுமுறை வாரம், அறை ரத்தான மறுநிமிடமே காத்திருப்பில் இருந்த யாருக்கோ போய்விட்டது. பாயின்ட் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு எடுக்க ஓர் அறைகூட இல்லை.

"காசைத் திருப்பிக் குடுத்துடலாம். மேலகூடப் போட்டுத் தரேன்."

"காசா பிரச்சனை? அந்தப் புள்ளைய எங்க படுக்க வைப்பான்? அவன் நம்பரை அனுப்புறேன். நீயே சொல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் சொல்லமாட்டேன் டாரல். என்னால முடியாது," என்றாள். அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

பாதி ஒட்டிய குழாயை அப்படியே விட்டு இறங்கினான். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு அவசரம், நாளைக்கு வருகிறேன் என்றான். இந்த வெயிலில் நாளைவரை எப்படி இருப்பது என்று அவள் கேட்டது நியாயம்தான். அதையும் காதில் வாங்கிக்கொண்டு வேனில் ஏறி அந்த எண்ணை அழைத்தான். எடுத்தது ஒரு சிறுமி.

"அப்பா வண்டி ஓட்டுறாரு. ஓட்டும்போது பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு. நீங்க யாரு?"

டாரல் வாயைத் திறந்தான். பின்னால் வண்டி ஓடும் இரைச்சல் கேட்டது, ரேடியோவில் யாரோ பாடுவது கேட்டது. ரிசார்ட் விஷயமாப் பேசணும் என்று இழுத்தான்.

"ஹோட்டல்லேர்ந்தா?" குரல் மேலே எகிறியது. "அப்பா, ஹோட்டல்லேர்ந்து பேசுறாங்க! நாங்க ஃப்ளோரிடாவுக்குள்ள வந்துட்டோம். எங்க ரூம் ரெடியா?"

ஓட்டிக்கொண்டே அவள் அப்பா, சீக்கிரம் வந்துவிடுவோம் என்று சொல்லச் சொல்வது கேட்டது. ஆறு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? பத்திரமா வாங்க என்றான். வைத்தபிறகு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். கோழை என்று தன்னையே திட்டினான். திட்டியதால் எதுவும் மாறவில்லை, வண்டியை எடுத்தான்.

ரிசார்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் போனில் முயன்றான். உறுப்பினர்களுக்கான எண்ணில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்து, பிறகு பேசிய பெண், வேறு யாராவது ரத்து செய்தால் உண்டு என்றாள். பக்கத்து ரிசார்ட்டுகளும் நிறைந்திருந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில் சாதாரண மோட்டல்கள் கிடைக்கும், அவன் ஏசி பழுது பார்க்கப் போகிற மாதிரி இடங்கள். அங்கே பெண் குழந்தையைத் தங்க வைத்ததாகத் தாய்க்குத் தெரிந்தால் அடுத்த வருடம் அந்த ஒரு வாரமும் போய்விடும். தன் வீட்டுக்கே கூட்டிப்போகலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான். ஒற்றைப் படுக்கையறை, குளிர்பெட்டிக்குள் பீரும் கடுகு சாஸும். முன்பின் தெரியாத ஒருவனிடம் போய், உன் மகளோடு என் வீட்டுக்கு வா என்று சொன்னால் போலீசைக் கூப்பிடுவான். கூப்பிட வேண்டியதுதான்.

லாபி மாறவே இல்லை. அதே எலுமிச்சை வாசனை, அதே உயரமான கண்ணாடி, அதற்கு அப்பால் ஏரி. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், பொறாமையைக்கூட. சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தட்டிப் பார்த்தாள். இல்லை சார் என்றாள். உண்மையிலேயே வருத்தப்படுகிறவள் மாதிரிதான் சொன்னாள். அந்த அறைக்குப் புதிதாக வந்தவர்கள் மதியமே சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவர்களோடும் பிள்ளைகள் இருக்கின்றன என்று கூடுதலாக ஒன்றைச் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்தான். முதலில் என்ன சொல்வது, பெயரைச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? நான்தான் என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. ட்ரீனாவுக்கு, இங்கேதான் இருக்கிறேன், நேரில் சொல்லிவிடுகிறேன் என்று செய்தி அனுப்பினான். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

நாலு மணிக்கு முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெலிந்த ஆள், தூக்கம் கெட்ட கண், சட்டையைப் புதிதாக மாற்றிக்கொண்டு தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கடைசி பெட்ரோல் பங்கில் செய்திருக்க வேண்டும். சிறுமி தன் உயரத்துக்குப் பாதி இருந்த ஒரு மஞ்சள் பெட்டியைத் தானே இழுத்துவந்தாள். டாரல் எழுந்தான். கர்ட்டிஸ் நேராக மேசைக்குப் போய்விட்டான். மகளை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தான், ஆனால் அவள் டாரலின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, பையின் மேல் பெயர் தைத்த வேலைச் சட்டை. நேராக அவனிடம் வந்து பெட்டியின் கைப்பிடியை நீட்டினாள்.

"இது ரொம்ப கனம்," என்றாள். "நீங்கதானே போன் பண்ணினீங்க?"

அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் எப்படி இருப்பது?

"ஆமா."

"எங்க ரூம்லேர்ந்து தண்ணி தெரியும்னு அப்பா சொல்லிச்சு. நெசமாவா?"

மேசைப் பெண் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வதும், கர்ட்டிஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வதும் கேட்டது. இரண்டாவது தடவையும் சொன்னான். அந்தப் பெண் டாரல் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். இப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது.

"நல்லாத் தெரியும்," என்றான். "கட்டில்ல படுத்துக்கிட்டே பாக்கலாம். காலையில படகு போகும். பால்கனில நின்னு கை ஆட்டினா அதுல இருக்கவங்களும் ஆட்டுவாங்க."

"எல்லாருமா?"

"புள்ளைங்க எல்லாம் ஆட்டும். பெரியவங்க சில பேருதான்."

"நீங்க ஆட்டியிருக்கீங்களா?"

"இல்ல," என்றான். "நான் உள்ள இருப்பேன்."

இதைக் கேட்டு அவள் யோசித்தாள். எதற்கு ஒருத்தன் உள்ளே இருப்பான் என்று அவளுக்கு விளங்கவில்லை போலும். மேசைப் பக்கம் பேச்சு நின்றுவிட்டிருந்தது. கர்ட்டிஸ் கையில் செல்போனை வைத்துக்கொண்டு திரும்பினான். முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. ஏதோ சின்னக் குளறுபடி, யாராவது சரிசெய்துவிடுவார்கள் என்று நம்புகிற முகம். மகளைத் தேடி, அவளையும் மஞ்சள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நீலச் சட்டைக்காரனையும் பார்த்ததும் அந்த முகத்தில் நிம்மதி வந்தது. அவர்களை நோக்கி வேகமாக நடந்து வந்தான்.

சிறுமி ஓடிப்போய் அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இவருக்கு நம்ம ரூம் தெரியுமாம்."

கண்ணாடிக்கு அப்பால் மாலைப் படகு கரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து யாரோ ஒரு பிள்ளை மாடிகளைப் பார்த்துக் கை ஆட்டியது. டாரல் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.